உதிர்ந்த இலை மக்காத காடு

பனமலையின் தாளகிரீஸ்வரர் கோயிலில் ஒரு பார்வதி இருக்கிறாள். ஒரு கால் மடித்து, தலை சாய்த்து நிற்கும் ஓவியம். ராஜசிம்ம பல்லவன் காலத்தது; அதாவது ஏறத்தாழ 1,300 ஆண்டுகள். பெரும்பகுதி அழிந்துவிட்டது. எஞ்சியிருக்கும் முகத்தைப் பார்க்கவே விழுப்புரத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். மழையும் வெயிலும் வௌவாலும் மனிதக் கையும் சிதைத்தது போக, மிச்சத்தைத் தாங்கி நிற்பது சுண்ணாம்புச் சாந்து. குழைத்துப் பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மீண்டும் கல்லாகிறது. வேதியியலில் அதன் பெயர் கால்சியம் கார்பனேட்.

இந்தக் கல்லுக்கு ஒரு பகை உண்டு: கந்தக டை ஆக்சைடு. ஈரத்தோடு சேர்ந்து அந்த வாயு சுண்ணாம்பைத் தொட்டால், கார்பனேட் மெல்ல ஜிப்சமாக மாறும். ஜிப்சம் உப்பிப் பொருக்காக எழும்பும், உதிரும். மேலே பூசிய நிறமும் கூடவே போகும். அதே வாயு அதே மலைப்பாறையில் சாம்பலும் மஞ்சளும் கருமையுமாகப் படர்ந்திருக்கும் லைக்கன்களையும் கொல்லும். செட்டிநாட்டுக் குழம்பில் போடுகிற கல்பாசி இந்தக் குடும்பத்து உயிர்தான். பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் இதற்கு வேர் கிடையாது. தண்ணீரும் உணவும் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும்தான். ஆகவே காற்றில் இருப்பதையெல்லாம் வடிகட்டாமல் உள்ளே வாங்கிக்கொள்ளும். 1866ஆம் ஆண்டிலேயே நைலாண்டர் என்ற தாவரவியலர், பாரிஸ் நகரின் லக்சம்பர்க் தோட்டத்தில் எந்த லைக்கன் இருக்கிறது, எது காணாமல் போனது என்று பார்த்து நகரத்துக் காற்றின் தரத்தைச் சொன்னார்.

பனமலையில் உருக்காலை எதுவும் இல்லை. இந்தக் கட்டுரைக்கு அந்த ஊர் முக்கியமாவது அந்த 'இல்லை' என்பதால்தான். அதற்கு வருவதற்கு முன், உருக்காலை இருந்த ஊருக்குப் போக வேண்டும்.

மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் அல்போன்சா மாம்பழ விவசாயிகள் எதிர்த்ததால் அங்கே நின்றுபோன ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை, 1994இல் தூத்துக்குடியில் அடிக்கல் கண்டது. பிறகு படிப்படியாக ஆண்டுக்கு 4 லட்சம் டன் செம்பு உருக்கும் திறனுக்கு வளர்ந்தது. இந்தியச் செம்புத் தேவையில் ஏறத்தாழ 40 விழுக்காடு அங்கிருந்துதான் வருகிறது என்று சொல்லப்பட்ட காலம் உண்டு. வாயுக் கசிவுப் புகார், மூடல், திறப்பு, 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் விதித்த 100 கோடி ரூபாய் இழப்பீடு, 2018 மே 22இல் தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மரணம், மே 28 அன்று நிரந்தர மூடல் ஆணை, 2020 ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது, 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் ஆலையின் மேல்முறையீட்டைத் தள்ளியது. இவ்வளவும் நாளிதழ் படிப்பவர் எல்லோருக்கும் தெரியும். ஆலைக்குப் பக்கத்துக் குமரெட்டியாபுரத்துக் கிடையிலுள்ள செம்மறிக்கும், உப்பளத்தில் சேறு சலிக்கும் பூநாரைக்கும், உடைமரத்தின் அடியில் கிடக்கும் சருகுக்கும் அந்த இருபது சொச்சம் ஆண்டுகளில் என்ன ஆயிற்று என்பதைத்தான் நாம் போதுமான அளவு பேசவில்லை.

தாதுவிலிருந்தே தொடங்கலாம். செம்பு பெரும்பாலும் சால்கோபைரைட் என்ற கனிமமாகக் கிடைக்கிறது. அதில் செம்பும் இரும்பும் கந்தகமும் கலந்திருக்கும். ஒரு செம்பு அணுவுக்கு இரண்டு கந்தக அணு. செம்பணுவின் எடை ஏறத்தாழ 64. கந்தகத்தின் எடை 32. இரண்டு முப்பத்திரண்டு அறுபத்து நான்கு. ஆக, அந்தக் கனிமத்திலிருந்து ஒரு டன் செம்பு எடுக்கும்போது கூடவே ஒரு டன் கந்தகமும் வெளியே வருகிறது. அது எரிந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டால் இரண்டு டன் கந்தக டை ஆக்சைடு! ஆலைகள் அதைப் பிடித்துக் கந்தக அமிலமாக்கி விற்கின்றன. நூறில் தொண்ணூற்றொன்பது பங்கைப் பிடித்துவிட்டாலும் டன்னுக்கு 20 கிலோ தப்பும். ஆண்டுக்கு 4 லட்சம் டன் செம்பு என்றால் தப்புவது 8,000 டன். எந்த ஆலையின் அளவீடும் அல்ல இது, வெறும் வாய்ப்பாடு. ஆனால் 'பிடித்துவிடுகிறோம்' என்ற சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய அளவு ஒளிந்திருக்கிறது என்பதை இந்த வாய்ப்பாடு காட்டிவிடுகிறது.

தப்பியது எங்கே போகும் என்பதைப் புகைபோக்கி தீர்மானிக்கிறது. நம் நாட்டில் இதற்கு ஒரு சூத்திரமே உண்டு: மணிக்கு எத்தனை கிலோ கந்தக டை ஆக்சைடு வெளியேறுகிறதோ அதை 0.3 என்ற அடுக்குக்கு உயர்த்தி, 14ஆல் பெருக்கினால் புகைபோக்கியின் உயரம் மீட்டரில் கிடைக்கும். மணிக்கு 100 கிலோ என்றால் சுமார் 56 மீட்டர். 1,000 கிலோ என்றால் சுமார் 111 மீட்டர். புகைபோக்கி உயர்ந்தால் அருகிலிருக்கும் ஊருக்கு மூச்சு விட முடியும். வாயு மட்டும் எங்கும் போய்விடவில்லை, தூரத்து ஊருக்குப் போயிருக்கிறது. கனடாவின் சட்பரி நகரத்து நிக்கல், செம்பு உருக்காலை 1972இல் 381 மீட்டர் உயரப் புகைபோக்கி கட்டியது. பக்கத்துக் காற்று தெளிந்தது. அமிலம் இன்னும் தொலைவுக்குப் பரவியது.

தூத்துக்குடியில் காற்றுக்கு இரண்டு முகம். தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து வீசி, ஆலை அமைந்த சிப்காட் தொழிற்பேட்டையின் புகையை நகரத்தின் மீதும் கடலின் மீதும் தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் கடலிலிருந்து வீசி, உள்ளே இருக்கும் கிராமங்களின் பக்கம் தள்ளும். கடல் என்றால் வெறும் தண்ணீர் அல்ல. மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. வான் தீவும் காசுவாரித் தீவும் காரியாச்சல்லியும் நகரத்துக்கு எதிரே கிடக்கின்றன. சுற்றிலும் பவளமும் கடற்புல்லும். ஆலை அங்கிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அனுமதி தரப்பட்டது. அமைந்ததோ ஏறத்தாழ 14 கிலோமீட்டரில்.

வாயு காற்றோடு கலைந்துவிடும். உலோகத் துகள் கலையாது. செம்பு, ஆர்சனிக், ஈயம், காட்மியம் எல்லாம் நுண்துகளாகப் புகையோடு ஏறி, எங்கோ இலை மேலும் மண் மேலும் இறங்கும். இறங்கிய இடத்தில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். 2018 ஏப்ரலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைக்கு இசைவாணையைப் புதுப்பிக்க மறுத்தபோது சொன்ன ஐந்து காரணங்களில் ஒன்று, சுற்றுப்புறக் காற்றில் ஆர்சனிக்கை முறையாக அளக்கவில்லை என்பது. இன்னொன்று, உப்பாற்றோரம் கொட்டிக்கிடந்த தாமிரக் கசடை அகற்றவில்லை என்பது. ஒன்று காற்றின் வழி, மற்றொன்று நீரின் வழி.

சூழலுக்கு நேரும் ஆபத்தை மதிப்பிடும் அறிவியல் இந்த வழிகளைத் தொடர்ந்து போகிற அறிவியல். நஞ்சு இருக்கிறது என்பதாலேயே ஆபத்து வந்துவிடாது. எந்த உயிர், எந்த வழியாக, எவ்வளவு, எத்தனை நாள் என்று நான்கையும் கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளை முறையாக அடுக்கும் நெறிமுறையை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1998இல் வெளியிட்டது. அதில் எனக்குப் பிடித்தது முதல் படி. அளக்கத் தொடங்கும் முன்பே 'எதைக் காப்பாற்ற நினைக்கிறோம்?' என்று எழுதி வைக்கச் சொல்கிறது. 'சுற்றுச்சூழல்' என்று பொத்தாம்பொதுவாக எழுதக் கூடாது. வல்லநாட்டு வெளிமான் கூட்டம் பெருகுகிறதா, கடற்புல் திடல் சுருங்காமல் இருக்கிறதா என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். பெயர் சொல்லாததை யாரும் அளக்க மாட்டார்கள்.

ஏன் பெயர் வேண்டும் என்பதற்கு ஆட்டு மந்தை போதும். செம்பு எல்லா உயிர்க்கும் துளியளவு தேவை. ஆனால் செம்மறியின் ஈரல் கிடைத்த செம்பையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள்ளும், வெளியேற்றத் தெரியாது. மாதக்கணக்கில் ஒரு குறியும் இருக்காது. வெயிலோ, பட்டினியோ, நீண்ட நடையோ ஒரு நாள் அதைச் சோர்வடையச் செய்தால், ஈரலிலிருந்து செம்பு மொத்தமாக இரத்தத்தில் கொட்டும். சிவப்பணுக்கள் உடையும், சிறுநீர் கறுத்துச் சிவக்கும், கண் மஞ்சளாகும், ஆடு ஓரிரு நாளில் செத்துவிழும். அதே காட்டில் மேய்ந்த வெள்ளாடு இதைவிட எவ்வளவோ தாங்கும். 'கால்நடைகளுக்குப் பாதுகாப்பான அளவு' என்று ஒரே எண்ணைச் சொல்பவர் எந்தக் கால்நடையை மனத்தில் வைத்துச் சொல்கிறார் என்று கேட்டே ஆக வேண்டும்.

எந்த வழி என்பதும் அப்படித்தான். அமெரிக்காவின் ஐடாஹோ மாநிலத்தில் கூர் டலேன் ஆற்றுப் படுகையில், நூறாண்டுச் சுரங்கமும் உருக்காலையும் விட்டுச்சென்ற ஈயம் சேற்றில் படிந்திருக்கிறது. வலசை வரும் தூந்திர அன்னங்கள் அங்கே கூட்டமாகச் செத்தன. அவை தின்றது நீர்ச்செடிகளின் கிழங்கை. கிழங்கைத் தோண்டும்போது வாயில் போன சேறுதான் கொன்றது. உணவை மட்டும் சோதித்திருந்தால் கதை பிடிபட்டிருக்காது. தூத்துக்குடி உப்பளங்களில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்துச் சேற்றுநீரைச் சலித்துத் தின்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அன்னங்கள் நினைவுக்கு வருகின்றன. அறுப்பு முடிந்த வயலில் மேயவிடும் கூட்டு வாத்துகளும் சேற்றைத்தான் அளைகின்றன.

காட்மியம் இன்னொரு வழிக்காரன். சிறுநீரகத்துக்குள் போனால் உண்டியலில் விழுந்த காசு போலத்தான். மனித உடலில் அதில் பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது ஆண்டு ஆகும் என்பார்கள். மண்புழு மண்ணோடு காட்மியத்தையும் விழுங்கித் தன் உடலில் மண்ணிலிருப்பதைவிட அதிகமாகச் சேர்க்கும். மண்புழுவையும் பூச்சியையும் தின்று வாழும் மூஞ்சுறு இனங்கள் அதைத் தங்கள் சிறுநீரகத்தில் சேர்க்கும். இலை தின்னும் எலிக்கு அதே இடத்தில் அவ்வளவு வராது. உருக்காலை அருகே காட்டு உயிர்களைப் பிடித்துப் பார்ப்பவர்கள் முதலில் மூஞ்சுறைத் தேடுவது இதனால்தான்.

இவையெல்லாம் செத்த பிறகாவது கண்ணில் படும் உயிர்கள். கண்ணில் படாமல் நிகழ்வதுதான் என்னை அதிகம் ஆட்டிப்படைத்தது.

பென்சில்வேனியாவின் பாமர்டன் ஊரில் 1898 முதல் துத்தநாகம் உருக்கினார்கள், 1980இல் நிறுத்தினார்கள். பக்கத்து நீலமலையின் சரிவில் சுமார் 800 ஹெக்டேர் மொட்டையாயிற்று. 1973இல் வெளியான ஆய்வொன்று, ஆலையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் தரையின் மேல்மக்கில் துத்தநாகம் 13.5 விழுக்காடு வரை இருப்பதாகக் காட்டியது. அங்கே மக்கே தாதுவாகியிருந்தது! அதைவிட வியப்பு இன்னும் சற்றுத் தள்ளி, மரம் சாகாமல் நின்ற காட்டில் இருந்தது. மேலே பச்சை, பார்வைக்குக் குறையில்லை. தரையில் மட்டும் சருகு மேல் சருகாக ஏறியிருந்தது. உதிர்ந்த இலை மக்கவில்லை.

இலை தானாக மக்குவதில்லை. மரவட்டையும் புழுவும் சிற்றுயிரும் கடித்துத் துண்டாக்க வேண்டும். பூஞ்சையும் பாக்டீரியாவும் கரைக்க வேண்டும். அப்போதுதான் இலையில் பூட்டிக்கிடக்கும் தழைச்சத்தும் மணிச்சத்தும் வேருக்குத் திரும்பும். அந்த வேலைக்காரர்களை உலோகம் கொன்றுவிட்டது, அல்லது மந்தமாக்கிவிட்டது. சத்து சருகிலேயே தங்கிவிட, மரம் தன் பழைய இலையைத் திரும்பப் பெற முடியாமல் நின்றது. எந்த மரமும் நஞ்சு தின்று விழவில்லை. ஆனால் காட்டின் வரவு செலவு நின்றுபோனது.

இங்கிலாந்தின் ஏவன்மவுத் உருக்காலை அருகிலும் இதே காட்சி. அங்கே கல்லைப் புரட்டினால் ஓடும் மரப்பேன்களை ஆராய்ந்தார்கள். பூச்சி போல இருக்கும். உண்மையில் நண்டுக்கும் இறாலுக்கும் சொந்தம். அதன் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்புதான் என்பதால், செம்பை விடாமல் சேர்த்து வைக்கப் பழகிய உயிர். காட்மியம், ஈயம், துத்தநாகம் எல்லாவற்றையும் தன் செரிமானச் சுரப்பியின் செல்களுக்குள் மணிமணியாகக் கட்டி ஒதுக்கிவிடுகிறது. இந்த நஞ்சுப் பொட்டலத்தையே வேட்டையாடித் தின்னும் ஒரு சிலந்தியும் அங்கே உண்டு. அது இறந்துவிடவில்லை, குடலின் செல்களில் உலோகத்தைத் தடுத்து நிறுத்தி, அந்தச் செல்களையே அவ்வப்போது உதிர்த்து வெளியேற்றிவிடுகிறது. உணவுச் சங்கிலியில் மேலே போகப்போக நஞ்சு ஏறும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். பாதரசத்துக்கும் டிடிடிக்கும் அது பொருந்தும். செம்புக்கும் துத்தநாகத்துக்கும் அப்படியே பொருந்தாது. ஒவ்வோர் உலோகத்தையும் ஒவ்வோர் உயிரையும் தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கிறது, குறுக்குவழி கிடையாது.

பின்லாந்தின் ஹர்யாவல்தா ஊர் இன்னும் நுட்பமான பாடம் சொல்கிறது. செம்பு, நிக்கல் உருக்காலையைச் சுற்றிய காட்டில் ஈப்பிடிப்பான் குருவிகள் இட்ட முட்டைகளின் ஓடு மெலிந்திருந்தது. உலோகம் நேரடியாகக் குருவியைத் தாக்கியது ஒரு பங்கு. மறு பங்கு சுற்றுவழியாக வந்தது. மண் அமிலமாகி, உலோகமும் சேர்ந்து, நத்தைகள் குறைந்துபோயின. குருவிக்கு ஓடு கட்டச் சுண்ணாம்பு தருவது நத்தை ஓடு. நத்தை போனால் முட்டையும் போயிற்று. ஏவா, லெஹிகோய்னன் என்ற ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கூடுகளை எண்ணிக்கொண்டே வந்தார்கள். ஆலை புகையைக் கடுமையாகக் குறைத்ததும் குஞ்சு பொரிக்கும் வீதம் தேறியது. 2000ஆம் ஆண்டு அதை 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். சேதத்தை மட்டுமின்றி மீட்சியையும் காட்ட முடிந்ததற்குக் காரணம், அவர்களிடம் முந்தைய ஆண்டுகளின் கணக்கு இருந்ததுதான்.

இந்த இடத்தில் பனமலை வருகிறது. உலோகம் மண்ணில் இயல்பாகவே உண்டு. பாறை கரைந்துதான் மண். பாறையிலிருக்கும் செம்பும் துத்தநாகமும் மண்ணிலும் இருக்கும். ஓரிடத்தில் செம்பு இவ்வளவு என்று அளந்து சொல்வதால் ஒன்றும் விளங்காது. இயல்பு எவ்வளவு, வந்து சேர்ந்தது எவ்வளவு என்று பிரித்தாக வேண்டும். அதற்கு ஆலையில்லாத ஒப்பீட்டு இடம் வேண்டும். அல்லது ஆலை வருவதற்கு முந்தைய அளவு வேண்டும். பனமலையில் பாறை இருக்கிறது, அதன் மேல் லைக்கன் இருக்கிறது, அடிவாரத்தில் ஏரி இருக்கிறது. ஏரி வண்டல் ஒரு பதிவேடு: ஆண்டுதோறும் மழை கொண்டுவந்த படிவு அடுக்கடுக்காகக் கிடக்கும். தூர்வாரி வயலுக்கு அள்ளிப்போகும் முன் குழாய் இறக்கி ஒரு நெடுந்துண்டு எடுத்து ஆராய்ந்தால், காற்று கொண்டுவந்த ஈயமும் தெரியும், வாகனப் பெட்ரோலில் ஈயம் கலந்த காலமும் தெரியும். பனமலையின் மண் தூத்துக்குடித் தேரி மணலுக்கு நேர் ஒப்பீடாகாது; மழையும் வேறு, பாறையும் வேறு. ஆனால் நாளை விழுப்புரம், திண்டிவனம் பக்கம் எந்த ஆலை வந்தாலும், எந்தக் குவாரி விரிந்தாலும், 'முன்பு எப்படி இருந்தது?' என்ற கேள்விக்கு விடை சொல்ல இன்றே எழுதிவைத்த கணக்கு வேண்டும். இது பெரிய செலவும் அல்ல. பாறையில் நிலையான சட்டம் வரைந்து லைக்கனை ஆண்டுதோறும் படமெடுப்பதைக் கல்லூரி மாணவர்களே செய்துவிடலாம்.

தூத்துக்குடியில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. அங்கே உருக்காலை மட்டும் இல்லை. நிலக்கரி எரிக்கும் அனல் மின் நிலையமும் உண்டு, துறைமுகமும் வேறு ஆலைகளும் உண்டு. மண்ணில் காணும் ஈயம் யாருடையது? ஈயத்தின் ஐசோடோப்பு விகிதம் தாது பிறந்த சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும்; அந்த அடையாளத்தைக் கொண்டு ஓரளவு பிரிக்கலாம். 'எல்லோரும்தானே புகை விடுகிறார்கள்' என்று ஒருவர் மீது ஒருவர் பழிபோட்டுத் தப்பிப்பதற்கு அறிவியலிடம் பதில் இருக்கிறது. யாராவது கேட்டு, செலவழித்து, அளக்க வேண்டும்.

ஆலையைப் பூட்டியதும் கணக்கு முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் எனக்கு வருத்தம். உலோகம் மக்காது. களியும் சுண்ணாம்பும் கொண்ட கரிசலில் அது பெரும்பாலும் மண்ணைப் பற்றிக்கொண்டு நிற்கும். வேருக்கு எளிதில் கிடைக்காது. களியில்லாத தேரி மணல் அப்படிப் பிடித்து வைக்காது. மண்ணிலிருக்கும் மொத்த அளவு ஒன்றாகவே இருந்தாலும் இரண்டு இடத்திலும் ஆபத்து வேறு. சட்பரியில் 1978 முதல் மொட்டைப் பாறை நிலங்களில் ஹெக்டேருக்கு 10 டன் சுண்ணாம்புக்கல் தூள் தூவினார்கள். அமிலம் தணிந்ததும் உலோகம் அடங்கியது, புல் பிடித்தது, பிறகு மரக்கன்றுகள் நட்டார்கள். கையால் மூட்டை சுமந்து தூவியவர்களில் மாணவர்களும் இருந்தார்கள்.

நாம் தொடங்க வேண்டியது ஒரு வலைப்பையிலிருந்து. வேப்பிலையோ புங்க இலையோ எடுத்துக் காயவைத்து, எடை போட்டு, நைலான் வலைப்பையில் தைத்துத் தரையோடு தரையாகப் பதித்து வைக்க வேண்டும். மீளவிட்டானிலும், தெற்கு வீரபாண்டியாபுரத்திலும், உப்பாற்று ஓடைக்கரையிலும், காற்றுக்கு எதிர்ப்பக்கம் தொலைவிலுள்ள, அதே மண் கொண்ட ஓர் ஊரிலும். வலைக்கண் சிலவற்றில் பெரிதாக, சிலவற்றில் சிறிதாக இருக்க வேண்டும். கறையான் நுழையும் பைக்கும் நுழையாத பைக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். ஐரோப்பியச் சோதனைகள் மண்புழுவை நம்பி எழுதப்பட்டவை. நம் வறண்ட காட்டில் சருகைத் தின்பதில் பெரும்பங்கு கறையானுடையது என்பதால் இந்தத் திருத்தம் அவசியம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சில பைகளை எடுத்து, மண்ணைத் தட்டி, காயவைத்து, மீண்டும் எடை போட வேண்டும். ஒரு பருவமழை தாண்டியதும், எந்த ஊரில் இலை மக்குகிறது, எந்த ஊரில் மக்காமல் அப்படியே கிடக்கிறது என்பதை ஊர்க்காரர்களே தராசில் பார்த்துச் சொல்லிவிடலாம்.